நாய்க்கு ஈரல் குளிசை கேட்டு வருகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் ஒரு பார்மசியில் வேலை செய்யும் மருந்தாளர் நான். மிருக வைத்தியர் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதருக்கு மருந்து விற்கும் எங்கள் கவுண்டருக்கு நாய்க்கு ஈரல் மருந்து கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அதில் பாதிப் பேரிடம் வைத்தியர் எழுதித் தந்த துண்டு இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். துண்டு இல்லாவிட்டால் என்ன, வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய போத்தல் படம் இருக்கும், இல்லையென்றால் கனடாவிலிருந்து லீவுக்கு வந்த மச்சாள் சூட்கேஸில் கொண்டுவந்த டப்பா இருக்கும், "இதே மாதிரி ஒண்டு தாங்கோ தம்பி" என்பார்கள்.

நான் கேட்கும் முதல் கேள்விக்கே பலரிடம் பதில் இருக்காது. நாயின் நிறை என்ன? ஒரு அன்ரி யோசித்துவிட்டு "கையில தூக்குவன்" என்றார். சரி, தூக்குகிற நாய் நான்கு கிலோவும் இருக்கலாம், பன்னிரண்டு கிலோவும் இருக்கலாம், அந்த இரண்டுக்கும் நடுவில் மருந்தின் அளவு மூன்று மடங்கு மாறும். வீட்டுத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று பார்த்து, பிறகு தனியாக ஏறி அதைக் கழித்தால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை.

அடுத்த கேள்வி, ஏன் ஈரல் மருந்து? "சாப்பிடுதில்லை", "சத்தி எடுக்குது", "கண் மஞ்சளாக் கிடக்கு". இந்தக் கடைசிப் பதில்தான் என்னைப் பயப்படுத்துவது. நாயின் முரசோ கண் வெள்ளையோ மஞ்சளானால் அதைச் செங்கண்மாரி என்று சொல்லி ஈரலின் தலையில் கட்டிவிடுகிறோம், ஆனால் கொழும்பில் ஒரு நாய் மஞ்சளாவதற்கு ஈரல் காரணமாகவே இருக்கத் தேவையில்லை. உண்ணி கடித்துப் பரவும் பபீசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கிறது, உடைந்த இரத்தத்தின் நிறந்தான் மஞ்சளாக வெளியே தெரிகிறது. அந்த நாய்க்கு எந்த ஈரல் குளிசை கொடுத்தும் பிரயோசனம் இல்லை, அதற்கு வேண்டியது உண்ணிக் காய்ச்சலுக்கான மருந்து, சில வேளை இரத்தம் ஏற்றவும் வேண்டிவரும். வெங்காயமும் உள்ளியும் கூடுதலாகத் தின்ற நாய்க்கும் இதேபோல இரத்தம் உடையும். நேற்றைய இறைச்சிக் கறியின் குழம்பைச் சோற்றில் பிசைந்து வைக்கிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று எலிக்காய்ச்சல். வாய்க்கால் தண்ணீரும் எலியும் இருக்கிற இடமெல்லாம் அது இருக்கும், வெள்ளம் வடிந்த பிறகு இன்னும் கூடும், 2016 மே மாதம் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் தண்ணீரில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்தக் கிருமி நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பிடிக்கும், நாயின் சலத்தில் வெளியே வந்து வீட்டு மனிதருக்கும் தொற்றும். மஞ்சளான நாய்க்கு ஒரு கிழமை ஈரல் பாணி கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்கிற வீட்டில், அந்த ஒரு கிழமையும் நாயின் சலத்தை வெறுங்கையால் துடைக்கிறவர் பெரும்பாலும் அம்மாவோ வேலைக்கு வருகிற பெண்ணோதான். ஆகவே மஞ்சள் நிறம் கண்டால் பார்மசிக்கு வராதீர்கள், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போங்கள், துடைப்பவர் கையுறை போடட்டும். வருடாந்தத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கான பகுதியும் இருக்கிறதா என்று கேட்டும் வையுங்கள். நாய்களுக்கென்றே ஹெப்படைட்டிஸ் வைரஸ் ஒன்று உண்டு, அதற்கும் அந்தக் கூட்டுத் தடுப்பூசியில் பாதுகாப்பு இருக்கிறது. அது மனிதருக்குத் தொற்றுவதில்லை, நமக்குப் போடுகிற ஹெப்படைட்டிஸ் பி ஊசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

மஞ்சள் இல்லை, ஆனால் இரத்தப் பரிசோதனையில் "ஈரல் கூட" என்று வந்திருக்கிறது என்று ரிப்போர்ட்டோடு வருகிறவர்களும் உண்டு. அவர்களோடு கொஞ்சம் நின்று கதைப்பேன். ரிப்போர்ட்டில் இரண்டு எழுத்துக் கூட்டங்களைத்தான் எல்லோரும் விரலால் காட்டுவார்கள், ஏஎல்டி, ஏஎல்பி என்ற இரண்டு நொதியங்கள். ஏஎல்டி ஈரலின் கலங்கள் அடிபடும்போது இரத்தத்துக்குள் கசிவது. ஏஎல்பி அப்படி நேர்மையான சாட்சி அல்ல. வளர்கிற குட்டிக்கு எலும்பிலிருந்தும் அது கூடும், வலிப்புக்கு பீனோபாபிட்டோன் குடிக்கிற நாய்க்கும் கூடும், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டீரொயிட் எடுக்கிற நாய்க்குக் கூடும். கொழும்பின் புழுக்கத்தில் தோல் சொறியாத நாய் எத்தனை? சொறிக்கு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட்டை எழுதித் தருகிறார்கள், ஏஎல்பி ஏறுகிறது, வீட்டுக்காரர் பதறிப்போய் ஈரல் குளிசைக்கு ஓடி வருகிறார். அங்கே செய்ய வேண்டியது எழுதிய வைத்தியரிடம் திரும்பிப் போய் ஸ்டீரொயிட்டைப் பற்றிக் கேட்பது. தானாக ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. இதற்கு மறுபக்கமும் உண்டு. மிகவும் கெட்டுப்போய்ச் சுருங்கிய ஈரலில் கசிவதற்கே கலம் மிச்சமில்லாமல் ஏஎல்டி சாதாரணமாக வரலாம். அதனால்தான் வைத்தியர்கள் அல்புமின், பிலிருபின், சில வேளை பித்த அமிலங்கள் என்று பார்த்து, ஸ்கானும் எடுக்கச் சொல்கிறார்கள், காசு பிடுங்க இல்லை. மூன்று மாதத்துக்கு வாங்கும் சத்துக் குளிசையின் காசை முதலில் அந்தப் பரிசோதனைக்குச் செலவழியுங்கள் என்று நான் சொன்னால் எங்கள் முதலாளிக்குக் கொஞ்சம் கோபம் வரும்தான்.

சரி, வைத்தியர் பார்த்துவிட்டார், கொடுக்கச் சொல்லிவிட்டார் என்றே வைப்போம். நாய்களின் ஈரலுக்கு அதிகம் எழுதப்படுபவை இரண்டு. ஒன்று எஸ்-அடினோசில்மெத்தியோனின், சுருக்கமாக சேமி என்பார்கள். மற்றது மில்க் திஸில் என்ற செடியின் விதையிலிருந்து எடுக்கும் சிலிமரின், அதன் முக்கியப் பகுதி சிலிபின். இரண்டையும் சேர்த்தும் ஒரே குளிசையாக வருகிறது. சேமி ஈரலுக்குள் குளுடதயோன் என்ற பாதுகாப்புப் பொருளைக் கூட்ட உதவுகிறது. லோமுஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து எடுத்த நாய்களுக்கு இந்தக் கூட்டுக் குளிசையைக் கொடுத்தபோது, கொடுக்காத நாய்களை விட ஏஎல்டி குறைவாகவே ஏறியதாக ஆய்வு இருக்கிறது. அதாவது ஓரளவு ஆதாரம் உண்டு. ஆனால் நல்ல சுகத்தோடு ஓடித் திரிகிற நாய்க்கு "ஈரல் கழுவ" மாதம் மாதம் கொடுப்பதற்கு இதெல்லாம் ஆதாரமாகாது, ஈரலைக் கழுவுவதற்கு அது தேத்தண்ணிக் கோப்பையா?

கொடுக்கும் முறையில்தான் வீடுகளில் அதிகம் பிழைக்கிறது. சேமி வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய மருந்து, சாப்பாட்டுக்குக் குறைந்தது ஒரு மணித்தியாலம் முதல். நாம் என்ன செய்கிறோம்? பாணைப் பிய்த்து பட்டர் தடவி அதற்குள் ஒளித்து, அதோடு சேர்த்து ஒரு கிண்ணம் பாலும் வைக்கிறோம். நாய் சந்தோசமாக விழுங்கும், மருந்து உடம்பில் ஒழுங்காகச் சேராது. காலையில் எழும்பியதும் வாயின் ஓரத்தால் உள்ளே வைத்து, பின்னால் சிரிஞ்சியால் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், குளிசை தொண்டையில் ஒட்டாமல் இறங்கட்டும். கடிக்கிற நாயென்றால் எழுதிய வைத்தியரிடமே கேளுங்கள், மிகச் சிறிய துண்டு உணவுக்குள் வைக்கச் சிலர் சம்மதிப்பார்கள்.

இன்னொரு பிழை, உடைப்பது. வயிற்று அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரையும்படி அந்தக் குளிசைக்கு மேற்பூச்சு இருக்கிறது. பாதியாக வெட்டினால், அம்மியில் அரைத்தால், அந்தப் பூச்சு போய்விடும். இங்கேதான் கனடா டப்பா பிரச்சினை வருகிறது. மனிதருக்கான சேமி பெரும்பாலும் 400 மில்லிகிராம் குளிசை. நாய்க்கு வைத்தியர்கள் பொதுவாக எழுதுவது நாளுக்கு ஒரு கிலோ நிறைக்கு 20 மில்லிகிராம் அளவில். இருபது கிலோ ஊர் நாய்க்குக் கணக்குச் சரியாக வந்துவிடும். நான்கு கிலோ பொமரேனியனுக்கு 80 போதும், 400ஐ ஐந்தாக வெட்டவும் முடியாது. ஆகவே சின்ன நாய்க்கென்று செய்த சின்னக் குளிசையைத்தான் வாங்க வேண்டும், மச்சாள் கொண்டுவந்தது எவ்வளவு விலை கூடியதாக இருந்தாலும்.

அப்புறம் ஈரப்பதம். சேமி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும் பொருள், அதனால்தான் ஒவ்வொரு குளிசையையும் தனித்தனியே தகட்டுக்குள் மூடி விற்கிறார்கள். ஒரு கிழமைக்கு உரியதை முன்கூட்டியே பிரித்து, பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, கடற்கரைப் பக்கம் திறக்கிற ஜன்னல் ஓரம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உப்புப் போத்தலே கட்டியாகிவிடுகிற இந்த ஊரில் அந்தக் குளிசை என்ன ஆகும்? கொடுக்கிற நேரத்தில் பிரியுங்கள்.

சிலிமரினில் பெரிய ஆபத்து இல்லை, சில நாய்க்கு வயிறு இளகும், அவ்வளவுதான். ஆனால் மனிதருக்கான போத்தல்களைப் பார்த்து வாங்க வேண்டும். துளித்துளியாக விடும் சாறுகளில் மதுசாரம் கலந்திருக்கும், ஈரல் வருத்தமுள்ள நாய்க்கு அதைக் கொடுப்பதை விட முட்டாள்தனம் இல்லை. சீனி இல்லை என்று பெருமையாக எழுதிய பாணியிலும் சப்பும் குளிசையிலும் சைலிட்டோல் இருக்கலாம். நமக்கு அது வெறும் இனிப்பு. நாய்க்குள் போனால் இன்சுலின் குபீரென்று சுரந்து, அரை மணி ஒரு மணிக்குள்ளேயே இரத்தச் சீனி விழுந்து தள்ளாடும், வலிப்பும் வரலாம். ஒரு கிலோவுக்கு 0.1 கிராமே சீனியை விழுத்தப் போதும், 0.5 கிராமைத் தாண்டினால் ஈரலே செயலிழக்கலாம். ஈரலுக்கு என்று கொடுத்தது ஈரலைத் தின்றுவிடும். லேபிளில் ஈ967 என்றோ பேர்ச் சுகர் என்றோ இருந்தாலும் அதே சாமான்தான்.

இன்னொன்று, கால் விறைப்புக்கு நீரிழிவுக்காரர் எடுக்கும் கப்சூல்கள். கொழும்பில் அது இல்லாத வீடு குறைவு. மீதைல்கோபாலமினோடு அல்பா லிபோயிக் அசிட் சேர்ந்து வரும். "ஈரலுக்கும் நல்லதாம், அன்டிஒக்சிடன்ட்" என்று படித்துவிட்டு நாய்க்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். நாய்களுக்கு அது குறைந்த அளவிலேயே நஞ்சாகக்கூடியது. கீழே விழுந்த கப்சூலை நாய் நக்கி எடுப்பதையும் கவனியுங்கள். பனடோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 500 மில்லிகிராம் குளிசை ஒன்றை நான்கு கிலோ நாய்க்குக் கொடுத்தால் கிலோவுக்கு 125 வருகிறது, நாயின் ஈரலுக்கு ஆபத்து என்று சொல்லும் 100 எல்லையை ஒரே குளிசையில் தாண்டியாயிற்று. பூனைக்கு இன்னும் மோசம், துண்டு பனடோலே கொன்றுவிடும்.

கீழாநெல்லியைப் பற்றி எழுதாவிட்டால் எனக்கு அடுத்த கிழமை சண்டை வரும். செங்கண்மாரிக்குக் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் பரம்பரையாக வருவது, சிங்களத்தில் பிட்டவக்க என்று அவர்களும் அதையே பாவிக்கிறார்கள். நான் அந்தச் செடிக்கு எதிரி அல்ல. ஆனால் நாய்க்கு எத்தனை கிலோவுக்கு எவ்வளவு என்று நிலைநாட்டிய அளவு கிடையாது, அதை வாய்க்கால் கரையில் பிடுங்கிக் கழுவாமல் பாலில் அரைத்துக் கொடுக்கிற நாய்க்கு எலிக்காய்ச்சல் இல்லாவிட்டால் அதில் இருந்தே வரலாம்! லிவ் 52 என்ற ஆயுர்வேத ஈரல் மருந்து பற்றியும் அதே கேள்விதான். 1955இலிருந்து சந்தையில் இருக்கும் பெயர், சில மிருக வைத்தியர்களும் எழுதித் தருகிறார்கள், எழுதித் தந்தால் கொடுங்கள். மனிதருக்கான குளிசையில் மண்டூர பஸ்பம் என்ற இரும்புச் சேர்மானம் இருப்பதை மட்டும் அறிந்துகொள்ளுங்கள், ஆயுர்வேதம் என்பதால் எவ்வளவும் கொடுக்கலாம் என்றாகாது.

ஈரலுக்கு ஈரல் என்று இறைச்சிக்கடையில் மாட்டீரல் வாங்கி அவித்துப் போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். மாட்டீரலில் செப்பு மிக அதிகம், விட்டமின் ஏயும் அதிகம். செப்பு ஈரலில் தேங்கி வருத்தம் வருவது சில சாதி நாய்களுக்கு வழமை, லாப்ரடோர், டோபர்மன், பெட்லிங்டன் டெரியர் என்று. கொழும்பில் லாப்ரடோருக்கா பஞ்சம்? அந்த வருத்தமுள்ள நாய்க்கு மாட்டீரல் வைப்பது எரிகிற அடுப்புக்கு விறகு வைப்பதுதான், செப்புச் சேர்த்த மினரல் டொனிக்கும் அப்படியே. ஈரல் வருத்தம் என்றதும் முட்டை, கோழி எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் கஞ்சி வைப்பதும் சரியில்லை. புரதத்தைக் குறைக்க வேண்டிய கட்டம் உண்டு, நஞ்சு மூளைக்கு ஏறி நாய் தடுமாறி, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கும் கட்டம் அது. மற்ற நாய்களுக்கு ஈரல் தன்னைத் திருத்திக்கொள்ளவே புரதம் வேண்டும்.

குளிசையை விட வீட்டில் இருக்கிற நஞ்சு பெரிது என்பது என் எண்ணம். 2021இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்லாடொக்சின் என்று நாடே பதறியதல்லவா, அதே பூஞ்சண நஞ்சுதான் நாய்ச் சாப்பாட்டிலும் வரும். 2020 முடிவில் அமெரிக்காவில் நாய்ச் சாப்பாட்டுப் பைகளை அதற்காகத் திருப்பி எடுத்தார்கள், நிறைய நாய்கள் செத்தன. இங்கே 2022இல் ரூபாய் விழுந்து எல்லாம் விலை ஏறிய பிறகு, பெரிய பையைப் பிரித்துச் சில்லறையாகப் பொலித்தீனில் கட்டி விற்பதை வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள், நான் குறை சொல்லவில்லை, வசதி அப்படி. ஆனால் எப்போது பிரித்த பை என்று கேளுங்கள், மணந்து பாருங்கள், பூஞ்சண வாசம் வந்தால் காகத்துக்கும் போட வேண்டாம். பூஞ்சணம் பிடித்த கச்சானும் அப்படியே. முற்றத்துத் தொட்டியில் அழகுக்கு வைத்திருக்கும் சைக்கஸ் செடியையும் பாருங்கள். அதன் எல்லாப் பகுதியும் நாயின் ஈரலுக்கு நஞ்சு, விதை எல்லாவற்றிலும் மோசம், ஒன்றிரண்டு விதையே போதும். குட்டி வளர்க்கும் வீட்டில் அது வேண்டாத வேலை.

மருந்து தொடங்கினால் நான்கு முதல் ஆறு கிழமையில் திரும்ப இரத்தம் பார்க்கச் சொல்வார்கள். பலர் அதற்குப் போவதில்லை, நாய் வாலாட்டுகிறது, சாப்பிடுகிறது, பிறகேன் என்று. பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் குளிசை வேலை செய்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. வேறு மருந்து என்ன கொடுக்கிறீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். சிலிமரின் வேறு சில மருந்துகள் உடம்பில் உடைபடும் வேகத்தை மாற்றலாம், சேமி டிரமடோல் என்ற வலி மருந்தோடு சேர்ந்தால் கவனம் வேண்டும். பித்தம் ஓட உதவும் ஊர்சோடியோக்சிகோலிக் அசிட் சத்துக் குளிசை அல்ல, துண்டுக்குத் தருகிற மருந்து, பித்தக் குழாய் முழுதாக அடைபட்டிருந்தால் கொடுக்கவே கூடாது. அதைத் துண்டில்லாமல் கேட்டு என்னோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மிருக மருந்துகளைப் பதிவு செய்து கட்டுப்படுத்துவது பேராதனையில் இருக்கும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம். கடைகளில் விற்கும் நாய் மருந்துப் பெட்டிகளில் தமிழில் ஒரு வரி கிடையாது, உள்ளே இருக்கும் தாளும் ஆங்கிலம்தான். கிலோவுக்கு எவ்வளவு, வெறும் வயிற்றிலா சாப்பாட்டோடா, உடைக்கலாமா கூடாதா என்ற மூன்றையாவது தமிழிலும் சிங்களத்திலும் போடச் சொல்லி எழுதுங்கள், உங்கள் குரலுக்கு என் குரலை விடக் காது கொடுப்பார்கள். கொழும்பு மிருக வைத்தியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: மனிதர் பார்மசியில் வாங்கும்படி நீங்கள் எழுதும் துண்டில் "நாய்" என்றும் அதன் நிறையையும் தெளிவாக எழுதிவிடுங்கள். பெயர் இருக்கும் இடத்தில் "பிரவுணி பெரேரா" என்று மட்டும் இருந்தால், பிரவுணிக்கு ஐந்து வயதா, அறுபது வயதா, நாலு காலா, இரண்டு காலா என்று கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களுக்கு விளங்குவதில்லை.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.